விளக்கு அணைந்த பிறகு ஒரு பந்தி

அயனாவரத்தில் ஒரு பல் மருத்துவமனை. வரவேற்பறையில் 4 அடி மீன்தொட்டி. "மீன் அடிக்கடி செத்துப்போகுது, வந்து பாருங்க" என்று கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. ஏஞ்சல் மீன்கள் கையகலம் வளர்ந்து மினுமினுத்தன. விடோ டெட்ராக்கள் ஆள் நிழல் பட்டதும் தீனி வருகிறது என்று மேலே ஓடிவந்தன. மேல்தட்டிலும் நடுத்தட்டிலும் ஒரு குறையும் இல்லை. அடியில், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், இரண்டு கோரி மீன்கள் மட்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. 6 வாங்கி விட்டிருந்தார்களாம். ஆறே மாதத்தில் 4 போய்விட்டன.

ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் மொண்டு, தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக் கீழிருந்து பார்த்தேன். வயிறு இருக்க வேண்டிய இடம் தேக்கரண்டிக் குழிபோல் உள்வாங்கியிருந்தது. கண்ணும் உள்ளே போயிருந்தது. உடம்பில் புள்ளி இல்லை, புண் இல்லை, பூஞ்சை இல்லை. பட்டினி.

"அதுக்குன்னு தனியா எதுவும் போடறதில்ல சார்" என்றார் வரவேற்பில் இருந்த பெண். "மேல போடறதுல மிச்சம் கீழ விழும், அதத் தின்னு சுத்தம் பண்ணிக்கும்னு கடையில சொல்லித்தான் குடுத்தாங்க."

அந்தத் தொட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை தீனி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. இத்தனை சோறு விழும் வீட்டில் 4 உயிர் பசியில் செத்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

பெரம்பூரில் இருந்துகொண்டு மீன்தொட்டிப் பராமரிப்பை 19 வருடமாகத் தொழிலாகச் செய்துவருகிறேன். வண்டியில் ஒரு வாளி, இரண்டு டியூப், ஒரு ஸ்பாஞ்ச், கொஞ்சம் மருந்து. கிளினிக், ஜவுளிக்கடை, ஓட்டல், வீடு என்று வாரம் முழுக்கத் தொட்டிகளைத் திறந்து மூடுகிறேன். இத்தனை வருடத்தில் அதிகமாகப் பார்த்த சாவு எது என்று கேட்டால், வெள்ளைப்புள்ளி நோயைச் சொல்ல மாட்டேன், குளோரின் தண்ணீரையும் சொல்ல மாட்டேன். அடித்தட்டு மீனின் பசி என்றுதான் சொல்வேன். மற்ற சாவுகளுக்கு ஒரு அடையாளம் தெரியும். இதற்குத் தெரியாது. கோரி சாகும்வரை அதே இடத்தில் அதே அமைதியோடு உட்கார்ந்திருக்கும். ஒருநாள் காலையில் பார்த்தால் இருக்காது. செடிக்குப் பின்னால் கிடக்கும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கொளத்தூரில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்த ஒரு பெரியவர். வண்ணமீன் தொழில் தெரிந்தவர்களுக்குக் கொளத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் ஏஞ்சலும் பொரிக்க வைத்து ஊர் ஊராக அனுப்பும் குடும்பங்கள் அங்கே தலைமுறையாக இருக்கின்றன. தொழிலுக்கு வந்த புதிதில் அவரிடம் 5 பெப்பர் கோரி வாங்கிப் போய், என் வீட்டு 2 அடித் தொட்டியில் விட்டேன். மூன்று மாதத்தில் ஐந்தும் போயின. தண்ணீர் சரியில்லையோ, மருந்து கொடுக்கவா என்று அவரிடம் போய் நின்றேன். என்ன தீனி போட்டாய் என்று கேட்டார். மிதக்கும் குருணை என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னார்: "மீன் பசியில சாவறது கண்ணுக்குத் தெரியாது தம்பி. ஏதோ நோவுன்னு நெனச்சுக்குவ, மருந்த ஊத்துவ. பசிக்கு மருந்து ஏது?"

கோரியும் கெளுத்திதான். கெளுத்தி இனம் நமக்குப் புதிதில்லை. ஏரியில் பிடிக்கும் நாட்டுக் கெளுத்தி, கொட்டினால் கடுக்கும் தேளி, பெரிய வாய் வாளை எல்லாமே இந்த வகையறாதான். செதில் கிடையாது, வாயைச் சுற்றி மீசை இருக்கும். வீட்டுத் தொட்டியில் நாம் வளர்க்கும் கோரி, தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. இரண்டு அங்குலம், மிஞ்சினால் இரண்டே முக்கால் அங்குலம். உடம்பின் இருபுறமும் எலும்புத் தகடுகள் ஓட்டு வரிசைபோல் அடுக்கியிருக்கும். 1803இல் பிரெஞ்சு விஞ்ஞானி லாசெபேட் இதற்குக் கோரிடோரஸ் என்று பெயர் வைத்தார். தலைக்கவசத்துக்கும் தோலுக்குமான கிரேக்கச் சொற்களைச் சேர்த்த பெயர் அது. எங்கள் கடைகளில் அது சுருங்கிக் 'கோரி' ஆயிற்று. இன்னும் பல கடைகளில் வெறும் 'கேட்ஃபிஷ்'தான்.

நான் முதலில் இழந்த பெப்பர் கோரிக்கு ஒரு வரலாறு உண்டு. பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்து வந்த மீன்களில் அதுவும் ஒன்று. 1842இல் லெனார்ட் ஜெனின்ஸ் அதை விவரித்து எழுதினார். 1878இல் பாரிஸில் கார்போனியே என்பவர் தொட்டியிலேயே அதை இனப்பெருக்கம் செய்ய வைத்தார். ஹீட்டரும் மோட்டாரும் இல்லாத காலத்தில் அவரால் முடிந்திருக்கிறது. நம்மால் முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அது என்ன தின்னும் என்று நாம் கேட்காததுதான்.

அது என்ன தின்னும்? ஆற்றின் மணலில் புதைந்திருக்கும் பூச்சிப் புழுக்கள், சின்னஞ்சிறு இறால் இனங்கள், மெல்லிய மண்புழுக்கள். தேடுவது கண்ணால் அல்ல, மீசையால். கெளுத்தி இனத்துக்கு ருசி நரம்பு நாக்கோடு நிற்பதில்லை. மீசையிலும் உடம்பின் மேல்தோலிலும் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் வளர்க்கும் சேனல் கெளுத்தியின் உடம்பில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ருசி மொட்டுகள் இருப்பதாக ஆராய்ந்திருக்கிறார்கள். மனிதனுக்குச் சில ஆயிரம்தான். முழு உடம்பும் நாக்காக இருக்கிற பிராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

நல்ல மணல் போட்ட தொட்டியில் கோரி சாப்பிடுவதை ஒரு தடவையாவது குனிந்து பாருங்கள். முதலில் மீசையால் மணலைத் தட்டித் தட்டிப் போகும். ஓரிடத்தில் நிற்கும். பிறகு மூக்கை உள்ளே விட்டுக் கண் வரைக்கும் புதைத்துக்கொள்ளும். வாய் நிறைய மணலை அள்ளி, இரை எதுவோ அதை மட்டும் நிறுத்திக்கொண்டு, மீதி மணலைச் செவுள் வழியாக இரண்டு பக்கமும் ஒழுக விடும். முறத்தில் அரிசி புடைக்கும் கை வேகம் அதில் இருக்கும். நடுவில் கண்ணைச் சட்டென்று கீழே உருட்டி மேலே கொண்டுவரும், கண்ணடிப்பதுபோல. சின்னப் பிள்ளைகள் அதற்காகவே தொட்டியை விட்டு நகர மாட்டார்கள்.

இதில் எங்கே வருகிறது சுத்தம் செய்யும் வேலை? 'கிளீனர்' என்று சொல்லி விற்பது கடைக்காரருக்குச் சுலபம். வாங்குபவருக்கும் ஒரு நிம்மதி. ஆனால் எந்த மீனும் தொட்டியில் இன்னொரு மீனின் கழிவைத் தின்று உயிர் வாழாது. கோரி பாசியைக்கூடச் சீண்டாது. அடியில் கிளறிக் கிளறிப் போவதால் தூசு எழும்பி ஃபில்டருக்குள் போகும், அவ்வளவுதான் அது செய்கிற உபகாரம். மற்றபடி அதுவும் தின்று கழிக்கிற இன்னொரு மீன்தான். அதற்கும் ஒரு இலை போட்டாக வேண்டும்.

பாசி தின்னும் அடித்தட்டு மீன் என்று கடையில் காட்டுவது சக்கர் மீனை. வாயே உறிஞ்சுகுடுவை மாதிரி. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பல்லால் சுரண்டும். சின்ன வயதில் பாசியைத் தின்னும், உண்மைதான். அதன் குடல் உடம்பைவிடப் பல மடங்கு நீளம், கடிகாரச் சுருள்போல் சுற்றிக்கிடக்கும். நார்ச்சத்துள்ளதை நாள் முழுக்க மென்றுகொண்டே இருக்கப் படைத்த வயிறு அது. தொட்டியில் இருக்கும் பாசி அதற்கு ஒரு வாரம் காணாது. அப்புறம் பசி. பசித்த சக்கர், ராத்திரியில் தூங்கும் ஏஞ்சல், டிஸ்கஸ் போன்ற தட்டை மீன்களின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உடம்பின் வழவழப்பைச் சுரண்டித் தின்னத் தொடங்கும். "சக்கர் என் மீனைக் கொன்னுடுச்சு" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதற்கு என்ன போட்டீர்கள்?

நம் கடைகளில் கிடைக்கும் சாதா சக்கர் ஒரு அடிக்குமேல் வளரும் இனம். 2 அடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. அப்போது பலரும் அதை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வருகிறார்கள். அப்படி விடப்பட்ட மீன்கள் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் ஆந்திராவிலும் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. கரையைக் குடைந்து முட்டையிடும். முரட்டுத் தோலால் மீனவர் வலையைக் கிழிக்கும். வாங்கி உண்பார் இல்லை. தயவுசெய்து விடாதீர்கள். சக்கர்தான் வேண்டும் என்றால், மூக்கில் முள்தாடி வைத்த பிரிசில்நோஸ் என்ற இனத்தைக் கேட்டு வாங்குங்கள். நாலைந்து அங்குலத்தோடு நின்றுவிடும். 'ஷார்க்' என்று மூன்று அங்குலக் குட்டியாக விற்கிறார்களே, அதுவும் கெளுத்திதான். ஓட்டலில் பாசா என்ற பெயரில் பொரித்துத் தருவது அதன் வகையறா. ஒரு மீட்டருக்குமேல் வளரும். வீட்டுத் தொட்டிக்கு அது வேண்டவே வேண்டாம்.

சரி, தீனிக்கு வருகிறேன். 'பந்திக்கு முந்து' என்று நம்மிடம் பழமொழி உண்டு. டெட்ராவும் பார்பும் கப்பியும் அந்தப் பழமொழியைப் படித்துவிட்டுப் பிறந்தவை. தீனி தண்ணீரைத் தொடும் முன் வாய் திறந்து நிற்கும். கோரிக்கு முந்தத் தெரியாது. வாசனை வந்து, எழுந்து, தேடி, கண்டுபிடிப்பதற்குள் மேலே பந்தி முடிந்திருக்கும். கோயில் குளத்தில் பொரி வீசுகிறோமே, பொரி மிதக்கும், மேலே வரும் மீன் அள்ளிக்கொண்டு போகும். அடியில் கிடக்கும் கெளுத்திக்கு அன்று திருவிழா என்றே தெரியாது. வீட்டுத் தொட்டியிலும் நடப்பது அதுதான்.

ஆகவே இரண்டு பந்தி. முதலில் மேல்தட்டு மீனுக்குத் தொட்டியின் ஒரு மூலையில் மிதக்கும் தீனி. எல்லாம் அங்கே மொய்த்திருக்கும்போது எதிர்மூலையில் மூழ்கும் தீனி, கடைகளில் 'சிங்கிங் பெல்லட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். இது பகல் முறை. பேராசைக்கார பார்ப் இருக்கும் தொட்டியில் இதுவும் பலிக்காது. கீழே விழுந்ததையும் தலைகீழாக நின்று பொறுக்கிவிடும். அங்கே இரவுதான் வழி. விளக்கை அணைத்து அரை மணி நேரம் போகட்டும். பகல் மீன்கள் செடியோரம் ஒதுங்கிவிடும். அப்போது அரை இன்ச் பிவிசி பைப் ஒன்றைத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்தி, அதன் வழியாக பெல்லட்டைப் போட்டால் நேரே அடியில் போய் உட்காரும். ஓரிடத்தில் கொட்டாமல் இரண்டு மூன்று இடத்தில் போடுங்கள். பலசாலி ஒன்றே ஒரு குவியலை வளைத்துக்கொள்ளும், மெலிந்தது வெளியே நிற்கும்.

அந்தப் பல் மருத்துவமனையில் ராத்திரி பந்தி பரிமாற ஆள் யார்? எட்டரைக்குப் பூட்டிவிடுகிறார்கள். வாசலில் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். அறுபது தாண்டியவர். ஊரில் வயல் பார்த்தவர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அய்யா, மிளகு அளவு உருண்டை, ராத்திரி ஒன்பது மணிக்கு நாலே நாலு. ஒண்ணுகூடச் சேர்த்துப் போடாதீங்க." ஒரு பழைய மாத்திரை டப்பாவில் வாரத்துக்கு ஏழு அறை இருக்குமே, அதில் நாளுக்கு நாலாகப் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். மிஞ்சியிருந்த இரண்டு மீனுக்கு அது போதும். அடுத்த வாரம் போனபோது என்னை அவர் விடவில்லை. "சார், லைட்ட அணைச்சு கொஞ்ச நேரத்துல அதுங்களே முன்னாடி வந்து நிக்குதுங்க. மாடு கழனித்தொட்டிக்கு வர்ற மாதிரி." ஐந்தாவது வாரம் கிண்ணத்தில் எடுத்து அவருக்கே கீழிருந்து காட்டினேன். குழி தூர்ந்து, வயிறு லேசாக உருண்டிருந்தது. அப்புறம் டாக்டர் இன்னும் 5 கோரி வாங்கித் தரச் சொன்னார். கோரி கூட்டத்தில் வாழும் மீன். ஆறுக்குக் குறைந்தால் பயத்தில் ஒதுங்கிவிடும், ஒதுங்கிய மீன் சாப்பிடாது. அதனால் எண்ணிக்கையையும் நான் தீனிக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

எவ்வளவு போடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வளர்ந்த கோரிக்கு மிளகு அளவு பெல்லட் 2, ஒரு நாளைக்கு ஒரு வேளை. பிரிசில்நோஸுக்குச் சட்டைப் பொத்தான் அளவு பாசி வேஃபர் ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள். வாரத்தில் ஒருநாள் எல்லோருக்கும் விரதம். இது தொடங்குவதற்கான கணக்கு. சரியான கணக்கை மீனின் வயிறும் தொட்டியின் அடியும் சொல்லும். காலையில் விளக்குப் போட்டதும் முதலில் அடியைப் பாருங்கள். நேற்றைய பெல்லட் மீந்து, அதன்மேல் பஞ்சுபோல் வெள்ளை பூத்திருந்தால் அளவு அதிகம், அதை உடனே டியூபால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். எதுவும் மீதம் இல்லாமல், வயிறும் ஒட்டியிருந்தால் கூட்டுங்கள். சக்கர் கண்ணாடியில் ஒட்டும்போது வயிற்றை அப்படியே காட்டும், அதைவிட வசதி வேறில்லை. தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருக்கலாம். உள்வாங்கியிருக்கக் கூடாது.

மீந்த தீனிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்றால், அது அழுகும்போது அமோனியா உண்டாகும். நல்ல ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகம் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். அதன் சக்திக்குமேல் போனால் மீன் விஷத்தில் நிற்கும். சென்னை போர் தண்ணீர் பல இடங்களில் காரத்தன்மை கூடியது. அப்படிப்பட்ட தண்ணீரில் அமோனியா இன்னும் கொடுமையாக வேலை செய்யும். அடியில் வாழ்கிற மீன்தான் அழுகலுக்கு மிக அருகில் இருக்கிறது. கோரியின் மீசை நுனி சிவந்து, தேய்ந்து, கடைசியில் மழித்ததுபோல் ஆகிவிடும். மீசை போன கோரிக்குப் பசி இருக்கும், இரை தேட வழி இருக்காது.

மீசை தேய்வதற்கு அழுகல்தான் முதல் காரணம் என்பது என் அனுபவம். இரண்டாவது, கூர்மையான கல். கண்ணைப் பறிக்கும் நீலக் கல்லும் ரோஸ் கல்லும் போட்ட தொட்டியில் பெல்லட் இடுக்கில் விழுந்து மாட்டிக்கொள்ளும், மீன் எட்டாது, அங்கேயே அழுகும். மணல்தான் சரி. ஆற்றுமணல் கிடைப்பதில்லை என்று எம்-சாண்ட் அள்ளிப் போடுகிறார்கள். அது பாறையை உடைத்துப் பொடித்தது, ஒவ்வொரு துகளுக்கும் முனை உண்டு. வேண்டாம். நீச்சல்குள ஃபில்டருக்கு விற்கும் உருண்டை மணல் கிடைக்கிறது. வாளியில் போட்டு, கலங்கல் போகும்வரை பத்துத் தடவையாவது அலசி, ஒன்று ஒன்றரை அங்குலம் பரப்பினால் போதும்.

பெல்லட் பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் படியுங்கள். பொருட்களின் வரிசையில் முதலில் மீன் தூளோ இறால் தூளோ இருக்க வேண்டும். கோதுமை மாவு முதலில் இருந்தால் வைத்துவிடுங்கள். மூட்டையில் இருந்து அளந்து பாலிதீன் கவரில் கட்டித் தரும் தீனியும் வேண்டாம், எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர் ஈரப்பதத்தில் அது சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். மூழ்கும் தீனி கிடைக்காத ஊரில் இருந்தால், மிதக்கும் குருணையை ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிப் போடுங்கள். மூழ்கும்.

வெறும் பெல்லட்டிலேயே வாழ்நாளை ஓட்டலாம், ஆனால் வாரம் இரண்டு நாள் புழு கொடுத்தால் கோரியின் நிறமே மாறும். கொளத்தூரில் டியூபிஃபெக்ஸ் புழு உருண்டை உருண்டையாக விற்பார்கள். அது கழிவுநீர்ச் சேற்றில் வளர்வது. ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் அலசாமல் போட்டால் நோயையும் சேர்த்துப் போடுகிறீர்கள். நான் நிறுத்திவிட்டேன். உறைய வைத்த பிளட் வார்ம் கட்டியாக வருகிறது, அதில் ஒன்றை டீ வடிகட்டியில் வைத்துக் குழாய்த் தண்ணீரில் கரைத்துப் போடுகிறேன். அதை வெறும் கையால் தொடாதீர்கள், சிலருக்கு அரிப்பும் தும்மலும் வரும். என் கைக்கே வந்தது. எல்லாவற்றையும்விட நல்லது வீட்டு மண்புழுதான். உரமும் மருந்தும் படாத பூந்தொட்டி மண்ணில் எடுத்து, கழுவி, பிளேடால் அரிசி அளவு நறுக்கிப் போட்டால், எந்தப் பாக்கெட்டுக்கும் வராத கூட்டம் வரும். உரக்குழியில் வளர்க்கும் சிவப்புப் புழுவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது கசப்பு நீர் விடும், மீன் துப்பிவிடும்.

சக்கர் வகைக்குக் காய்கறி. வெள்ளரி, சுரைக்காய், பீர்க்கங்காய் எது சமையலுக்கு வந்ததோ அதில் ஒரு துண்டு. இரண்டு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்து, மிதக்காமல் இருக்க எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி இறக்குங்கள். காலையில் தோல் மட்டும் வளையமாக நிற்கும். அதையும் எடுத்துவிடுங்கள். தொட்டியில் ஒரு மரக்கட்டை இருப்பதும் நல்லது, ராத்திரி முழுக்க அதைச் சுரண்டும். சோறு, ரொட்டி, பிஸ்கட் எதுவும் எந்த மீனுக்கும் வேண்டாம்.

மே மாதம் தனிக்கதை. கோரிக்குப் பிடித்த சூடு 22 முதல் 26 டிகிரி. சென்னை வீட்டுத் தொட்டி மே மாதத்தில் 32ஐத் தொடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அழுகல் வேகமாகும். அப்போது தீனியைப் பாதியாக்கி, மூடியைத் திறந்து, தண்ணீர்மேல் ஒரு சின்ன ஃபேன் ஓடவிடுகிறேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கோரி அவ்வப்போது அம்பாகப் பாய்ந்து மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். அதன் பின்குடல் காற்றில் இருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பசியில் மேலே வருகிறது என்று நினைத்து யாரும் தீனி போட வேண்டாம். விடாமல் திரும்பத் திரும்ப வந்தால் தண்ணீரில் கோளாறு. தீனியை நிறுத்தித் தண்ணீரை மாற்றுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எங்கள் பகுதியில் மின்சாரம் இல்லை, தெருவில் தண்ணீர். ஃபில்டர் நின்றுபோன தொட்டிக்காரர்கள் போன் கிடைத்த நேரத்தில் எல்லாம் கேட்டது, "மீனுக்கு என்னண்ணே போடறது?" எதுவும் போடாதீர்கள் என்றேன். நன்றாகத் தின்று வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். ஃபில்டர் இல்லாத தண்ணீரில் விழும் தீனியைத் தாங்காது. ஒரு வீட்டில் பாட்டி, "பாவம், அதுவும் நம்மோட இருட்டுல கெடக்குதே" என்று இரண்டு வேளையும் போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் நான் முழங்கால் தண்ணீரில் போய்ச் சேர்ந்தபோது தொட்டி நாறியது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் போட்டது அன்பில்தான்.

ஆனால் அதே மழைக்காலம்தான் இந்த மீனுக்கு நல்ல காலமும். ஒரு மாதம் புழு கொடுத்து உடம்பு தேற்றிய கோரி, ஐப்பசியில் வானம் மூடிக் குளிர்ந்த மழை இறங்கும் நாளில் பரபரப்பாகிவிடும். அந்த நேரம் பார்த்துக் கால்பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுச் சற்றுக் குளிர்ந்த தண்ணீர் விட்டால், மறுநாள் காலை கண்ணாடியில் ஜவ்வரிசி ஒட்டியதுபோல் முட்டைகள். கொளத்தூர்ப் பெரியவர் சொல்லிக்கொடுத்தது இது. ஒட்டிய வயிறோடு இருக்கும் பெண் மீன் எந்த மழைக்கும் முட்டை வைக்காது. என் வீட்டில் இப்போது இருக்கும் 11 கோரியில் 7 அப்படிப் பிறந்தவை.

உங்கள் வீட்டில் தொட்டி இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து, செல்போன் வெளிச்சத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு தொட்டி முன்னால் தரையில் உட்காருங்கள். அடியில் இருப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். வாங்கியபோது இருந்த எண்ணிக்கை இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொன்றின் வயிற்றையும் பாருங்கள். குழி தெரிந்தால், நாளைக் காலையில் கடைக்குப் போய் 50 கிராம் மூழ்கும் தீனி வாங்கி வாருங்கள்.